பட்டத்துக்குள் ஒரு பணிமனை: சென்னையில் விமானப் பொறியியல் கல்வி

அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலை வழியே கிண்டியை நோக்கிப் போனால் இடப்பக்கம் ஐ.ஐ.டி. வளாகம் வருகிறது. அங்கே 1969 முதல் விமானப் பொறியியல் துறை இயங்குகிறது. அதன் பின்பக்கம் தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. ராக்கெட் எஞ்சினை 3டி பிரிண்டரில் அச்சிடும் அக்னிகுல் நிறுவனத்தின் தொழிற்கூடம் அதற்குள்தான். அருகே டைடல் பார்க். அதே தரமணியின் சி.ஐ.டி. வளாகத்தில், தென் மாநிலங்கள் முழுமைக்கும் பட்டதாரிப் பழகுநர்களை (அப்ரண்டிஸ்) பதிவுசெய்யும் மத்திய அரசின் பழகுநர் பயிற்சி வாரிய அலுவலகம். மேற்கே பரங்கிமலையில் விமானப் பராமரிப்புப் பயிற்சி நிலையம், மீனம்பாக்கத்தில் விமான நிலையம், குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி). நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய வட்டம் இது.

இந்த வட்டத்துக்குள்ளும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் பட்டம் வாங்கும் பிள்ளைகளில் பலர், ஒரு ரிவெட்கூடத் தன் கையால் அடிக்காமல் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறார்கள். அவர்களில் கணிசமானோரைப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் பார்க்கலாம். இதை அவர்களுடைய குறையாக நான் நினைக்கவில்லை. படிப்பின் அமைப்பில் உள்ள குறை இது. பட்டம் முதலில், பணிமனை அப்புறம் என்ற வரிசையை நாம் மாற்றவே இல்லை. இரண்டையும் ஒன்றாகத் தரும் முறை உலகில் எங்கே எப்படி நடக்கிறது, நம்மிடம் அதன் வேர்கள் எங்கே இருக்கின்றன, சட்டம் என்ன சொல்கிறது, எது தடையாக நிற்கிறது என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிட்டனில் 2015-ல் தொடங்கப்பட்ட பட்டப் பழகுநர் முறை இன்று அதிகம் பேசப்படுகிறது. பள்ளி முடித்த மாணவரை ஒரு நிறுவனம் வேலைக்கு எடுக்கிறது. முதல் நாளிலிருந்தே அவர் ஊழியர், சம்பளம் உண்டு. வாரத்தின் ஒரு பகுதியோ ஆண்டில் சில வாரங்களோ பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். கல்விக் கட்டணத்தில் ஒரு பைசாகூட மாணவர் தலையில் விழாது. ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் 0.5 சதவீதம் வரியாக 2017 ஏப்ரலிலிருந்து வசூலிக்கிறார்கள். அந்த நிதியிலிருந்தே கட்டணம் போகிறது. ஏர்பஸ் விமானங்களின் இறக்கைகளை வடிவமைக்கும் ஃபில்டனிலும், அவற்றைக் கட்டும் ப்ராட்டனிலும், ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின் தயாராகும் டெர்பியிலும் இப்படிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். படிப்பு முடியும்போது கையில் பட்டமும் சில ஆண்டுப் பணி அனுபவமும் இருக்கும், கடன் இருக்காது.

இதைக் கேட்டதும், தி.நகரில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசகரிடம் போய் விசாரிக்கலாம் என்று பெற்றோருக்குத் தோன்றலாம். போய்ப் பயனில்லை. மாணவர் விசாவில் போகிறவர் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. அரசு நிதி கிடைக்க, பொதுவாக மூன்று ஆண்டுகளாவது அங்கே சட்டபூர்வமாக வசித்திருக்க வேண்டும். லண்டனிலும் லெஸ்டரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் இந்தக் கதவு மயிலாப்பூர்ப் பிள்ளைக்குத் திறக்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எளிய குடும்பங்களுக்காக என்று சொல்லித் தொடங்கிய இத்திட்டத்தில், பின்தங்கிய பகுதிகளைவிட வசதியான பகுதிகளின் பிள்ளைகளே அதிகம் இடம்பிடித்தார்கள் என்று அங்குள்ள சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை சுட்டிக்காட்டியிருக்கிறது. நல்ல திட்டம் என்பதாலேயே அது உரியவரிடம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது.

ஜெர்மனியின் கதை இன்னும் பழையது. 1974-ல் ஸ்டுட்கார்ட்டில் தொழில் நிறுவனங்களும் அரசும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு, 2009-ல் பாடன்-வூர்ட்டம்பெர்க் இரட்டைக் கல்விப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் என்று மாறி மாறிப் போகும். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், செப்பலின் ஆகாயக் கப்பல் பிறந்த ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில், விமான விண்வெளிப் பொறியியலையே இப்படிக் கற்பிக்கிறார்கள். அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கேட்பதற்கு முன் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில்தான் முழு முறையின் உயிரும் இருப்பதாக எனக்குப் படுகிறது. யாருக்குப் பொறியாளர் தேவையோ அவரே முதல் நாளிலிருந்து பொறுப்பேற்கிறார்.

நமக்கும் ஒரு முன்னோடி உண்டு. சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகளே ஆன நேரத்தில் அதன் பாடங்களில் ஒன்று விமானப் பொறியியல். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கான மூன்றாண்டுப் படிப்பு அது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த அப்துல் கலாம் அதில்தான் சேர்ந்தார். சேர்க்கைக்குத் தேவைப்பட்ட சுமார் ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தது எல்லோரும் அறிந்த செய்தி. கல்லூரி வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த, சேவையிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்களின் அருகே மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவர் உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரியும். அதிகம் பேசப்படாதது அதற்கு அடுத்த கட்டம். எம்.ஐ.டி.யிலிருந்து அவர் நேராகப் போனது பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு, பயிற்சியாளராக. அங்கே எஞ்சின் ஓவர்ஹால் குழுவில் வேலை. பிஸ்டன் எஞ்சின், டர்பைன் எஞ்சின் இரண்டையும் பிரித்து, கழுவி, சோதித்து, திரும்பப் பூட்டும் வேலை. வகுப்பில் படித்த கோட்பாடு கைவேலையில் உண்மையென்று தெரியவரும்போது ஏற்படும் மகிழ்ச்சியைத் தன்வரலாற்று நூலில் அவர் எழுதியிருக்கிறார். 1958-ல் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப இயக்ககத்தில் சேர்ந்தபோது, எஞ்சினுக்குள் கைவிட்டுப் பழகிய ஒருவராகச் சேர்ந்தார். ஏவுகணைக் காலத்தைப் பற்றிப் பேசும் நாம் அந்த ஓவர்ஹால் மாதங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

அந்தக் கைப்பழக்கம் எதற்கு என்று கேட்கலாம். கணினியில் எல்லாவற்றையும் உருவகப்படுத்திப் பார்த்துவிட முடிகிற காலம் இது. ஒரு சின்ன வேலையை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். எஞ்சினில் உள்ள போல்ட் அதிர்வில் கழன்றுவிடக் கூடாது. அதற்காகத் தலையில் துளையிட்ட போல்ட்களை மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் இரண்டிரண்டாகப் பிணைப்பார்கள். பணிமனையில் இதற்கு லாக் ஒயரிங் என்று பெயர். பரவலாகப் பயன்படும் கம்பியின் தடிமன் 0.8 மில்லிமீட்டர். அதை அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு வரும்படி முறுக்க வேண்டும். முறுக்கு குறைந்தால் கம்பி ஆடும், ஆடி ஆடித் தேயும். கூடினால் உலோகம் இறுகிப்போய் முறியும். ஒரு போல்ட் தளர முயன்றால், கம்பி அடுத்த போல்ட்டை இறுக்கும் பக்கமாக இழுக்கும்படி திசை அமைய வேண்டும். திசை தப்பினால் பூட்டிய கம்பியே போல்ட்டைத் திறக்க உதவும். கடைசியில் மிஞ்சும் வாலை வெட்டி, அடுத்து வேலை செய்பவரின் விரலைக் கிழிக்காதபடி உள்ளே மடக்க வேண்டும். வெட்டி எடுத்த துண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்தாக வேண்டும். அது எஞ்சினுக்குள் போயிருந்தால் நடந்த வேலை முழுவதும் வீண்.

முதல் நாள் புதியவர் போடும் பிணைப்பை மேஸ்திரி பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கட்டரால் வெட்டிப் போடுவார். மறுபடி, மறுபடி. கை படிந்த பிறகுதான் அடுத்த கேள்வி வரும்: இந்த போல்ட்டுக்கு டார்க் எவ்வளவு, மரையில் எண்ணெய் தடவியிருக்கிறதா இல்லையா? உலர்ந்த மரையில் கொடுக்கும் அதே டார்க்கை எண்ணெய் தடவிய மரையில் கொடுத்தால் போல்ட்டின் இழுவிசை மிகக் கூடுதலாகிவிடும், போல்ட் நீண்டு கெட்டுப்போகும். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் உராய்வுக் கெழு என்று ஓர் எழுத்தாகக் கடந்துபோனது இப்போது ஒரு போல்ட்டின் ஆயுளாக எதிரே நிற்கிறது. பட்டமும் பயிற்சியும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. காலையில் படித்த சமன்பாடு மாலையில் கைக்கு வர வேண்டும். பட்டம் வாங்கி ஓராண்டு கழித்து வந்தால் சமன்பாடு மறந்திருக்கும்.

இன்னொன்று, பொறுப்பு. விமானத் தொழிலில் ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து உண்டு. எந்தப் பாகம், எந்தத் தொகுதியில் வந்தது, யார் பூட்டினார், யார் சரிபார்த்தார் என்று பதிவேடு பேசும். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவில் வெட்டிய குழி இருக்கும். வேலை முடிந்து ஒரு குழி காலியாக இருந்தால், காணாமல்போன கருவி கிடைக்கும் வரை விமானம் நகராது. இந்த ஒழுக்கத்தைத் தேர்வுத்தாளில் எழுதிக் கற்க முடியாது. தேர்வில் நாற்பது சதவீதம் தவறினாலும் தேறிவிடலாம். அங்கே அப்படி ஒரு கணக்கு கிடையாது.

தமிழ்நாட்டில் இந்த முறையின் பாதி வடிவங்கள் நெடுநாளாகவே இருந்திருக்கின்றன. பாலிடெக்னிக்குகளில் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமா உண்டு. இரண்டு கட்டங்களாகத் தொழிற்சாலைப் பயிற்சி, நடுவே வகுப்பு. ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் அதற்குப் பெயர்பெற்றது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஐந்தாண்டு சாண்ட்விச் பி.இ. நடத்தியது. வேலை பார்த்துக்கொண்டே தேர்வெழுதிப் பொறியாளர் ஆகும் ஏ.எம்.ஐ.இ. வழியில் எத்தனையோ டிப்ளமாக்காரர்கள் மேலே வந்தார்கள். 1948-ல் தோன்றிய ஏரோநாட்டிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியாவும் விமானப் பொறியியலுக்கு அதேபோல ஒரு தேர்வு நடத்தியது. ஹேங்கரில் வேலை பார்ப்பவர் அதன் இரண்டு பகுதிகளையும் தேறினால் பட்டத்துக்கு நிகராக ஏற்கப்பட்டார். 2013 மே 31-க்குப் பிறகு பதிந்தவர்களுக்கு இந்த நிகர்த் தகுதி நின்றுபோனது. கட்டுப்பாடற்ற பயிற்சி மையங்கள், தரம் பற்றிய கவலைகள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் நியாயம் இருக்கலாம். ஆனால் பணிமனையிலிருந்து பட்டத்துக்கு ஏறும் ஏணி ஒன்று அகற்றப்பட்டு, அந்த இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை.

பரங்கிமலைப் பயிற்சி நிலையம் போன்றவை நடத்தும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு இன்னொரு பாதி. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) உரிமம் பெற, தாள்களில் தேறுவதோடு பறக்கும் விமானங்களில் செய்முறை அனுபவமும் கட்டாயம். அமைப்பில் இது பழகுநர் முறைக்கு மிக நெருக்கமானது. ஆனால் உரிமம் வேறு, பட்டம் வேறு. இரண்டும் வேண்டுமென்றால் மாணவர் இரண்டுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. அப்போது அது ஐ.டி.ஐ. தொழில்களுக்கானது. 1973 திருத்தம் பட்டதாரிகளையும் டிப்ளமாக்காரர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2014-ல் பெரிய திருத்தம். 2019 விதிகள் 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்கக் கட்டாயப்படுத்தின. படித்துக்கொண்டே பயிலும் மாணவருக்கும் அதே விதிகளில் தனி இடம் தரப்பட்டது. பட்டதாரிக்கும் அவருக்கும் மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமாவுக்கும் பட்டக் கல்லூரியின் சாண்ட்விச் மாணவருக்கும் 8,000 ரூபாய் என்று உதவித்தொகையும் நிர்ணயமானது. பட்டதாரிப் பழகுநர் திட்டத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. யு.ஜி.சி. 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பட்டப்படிப்பின் கிரெடிட்களில் ஐந்தில் ஒரு பங்கையாவது பழகுநர் பயிற்சிக்குத் தரலாம் என்றது. 2025-ல் அதைப் புதுப்பித்து விரிவாக்கினார்கள்.

ஆக, சட்டத்தில் வழி இருக்கிறது. நடைமுறையில் தரமணி அலுவலகத்தின் வழியே போகும் பொறியாளர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டுக்குப் போகிறவர்களே. இஸ்ரோவின் திருவனந்தபுரம் மையங்களும் எச்.ஏ.எல்.லும் ஆண்டுதோறும் பட்டதாரிப் பழகுநர்களை எடுக்கின்றன. அந்த அறிவிப்புகளில் பயிற்சி முடிந்தபின் வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி தவறாமல் இருக்கும். சட்டமும் வேலை தரக் கட்டாயப்படுத்தவில்லை. மற்றவை சமமாக இருக்கும்போது பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-ல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மட்டுமே ஆறுதல். பழகுநர் என்பவர் தொழிலாளர் அல்ல, பயிற்சியாளர் என்றே சட்டம் பார்க்கிறது. தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும் விபத்து இழப்பீடும் அவருக்கு உண்டு, மற்றத் தொழிலாளர் உரிமைகள் இல்லை. நேர்மையில்லாத நிர்வாகம் ஒருவரைக் கற்பிக்காமலேயே ஓராண்டு மலிவான ஆளாக வைத்திருக்க இந்த இடைவெளி இடம் கொடுக்கிறது.

இனி, வேலை வரப்போகும் இடத்துக்கு வருவோம். அக்னிகுல் 2017-ல் ஐ.ஐ.டி. எரிதல் ஆய்வு மையத்தின் அரவணைப்பில் பிறந்தது. பல தடவை தள்ளிப்போன பிறகு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து, ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினுடன் தன் முதல் ராக்கெட்டைச் செலுத்தியது. மின்சாரத்தில் பறக்கும் டாக்ஸி செய்ய முயலும் இ-பிளேன் நிறுவனமும் அதே ஐ.ஐ.டி.யிலிருந்து வந்ததே. ஆவடியில் டி.ஆர்.டி.ஓ.வின் போர் வாகன ஆய்வகம் ஆளில்லா விமானத்துக்கான தரையிறங்கு கால்களை வடிவமைத்தது. எம்.ஐ.டி.யின் விண்வெளி ஆய்வு மையம் ட்ரோன்களில் பெயர் வாங்கியது. தமிழ்நாடு அரசின் 2022 விமான விண்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை பத்து ஆண்டில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்கு வைத்திருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் விமான விண்வெளிப் பூங்காவும் அமைகிறது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை இங்கே வரப்போகிறது என்று அரசே சொல்கிறது. அந்த வேலைக்கான கை எங்கே உருவாகப்போகிறது?

தடைகள் மூன்று என் கண்ணுக்குப் படுகின்றன. முதலாவது காலஅட்டவணை. செமஸ்டர் முழுக்க வகுப்பு, இடையில் இரண்டு வாரம் ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் என்று பல கல்லூரிகளில் நடக்கிறது. இரண்டு வாரத்தில் எந்த மேஸ்திரியும் எதையும் தொட விடமாட்டார், அவர் செய்வதும் சரியே. ஆறு மாதமாவது தொடர்ந்து ஒரே இடத்தில் இருந்தால்தான் கையெழுத்துப் போடும் வேலைக்கு அருகில் போக முடியும்.

இரண்டாவது பணம். ராமநாதபுரத்திலிருந்தோ அரியலூரிலிருந்தோ வரும் பிள்ளை குறைந்தபட்ச உதவித்தொகையில் அடையாறில் தங்கிச் சாப்பிட்டுப் பேருந்தில் ஆவடி வரை போய்வர முடியுமா? சென்னையில் வீடு உள்ளவருக்கு அது கைச்செலவு, இல்லாதவருக்கு முழுப் பிழைப்பு. பிரிட்டனில் நடந்த தவறு இங்கே இன்னும் பெரிதாக நடக்கும். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து படிக்க வைக்கிறது. ஒரு பாலிடெக்னிக்கும் அதன் வளர்ச்சியில் சேர்ந்தது. உறைவிடம் இல்லாமல் தொழிற்கல்வி இல்லை என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்தவர்கள் இந்த நகரத்தில் இருந்திருக்கிறார்கள். பழகுநர் மாணவர்களுக்கான விடுதிகளை அரசு தாம்பரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கட்டினால், உதவித்தொகையை உயர்த்துவதைவிட அதன் பலன் அதிகம்.

மூன்றாவது மரியாதை. ‘அப்ரண்டிஸா?’ என்று நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். பி.இ. படிக்கும் பையன் எண்ணெய்க் கையோடு வருவதை விரும்பாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள், பெண் பிள்ளையென்றால் சொல்லவே வேண்டாம். கைவேலையைத் தாழ்த்திப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்குச் சாதியோடு உள்ள உறவை மறைத்துப் பயனில்லை. பொறியியல் என்பது கைக்கும் கணக்குக்கும் இடையே பிரிவில்லாத தொழில். அந்தப் பிரிவைப் பேணும் சமூகம் வரைபடம் போடும்; எஞ்சினைப் பிறர் செய்து தருவதற்காகக் காத்திருக்கும்.

என் முடிவு இது. ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் பட்டங்களில் மூன்றாம் ஆண்டில் ஆறு மாதமும் நான்காம் ஆண்டில் ஆறு மாதமும் பணிமனைக்கே ஒதுக்கப்பட வேண்டும். அதற்கு கிரெடிட், உதவித்தொகை, விடுதி மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகமும் தரமணி பழகுநர் பயிற்சி வாரியமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எம்.ஐ.டி.யிலிருந்தே இதைத் தொடங்கலாம். தொடங்க வேண்டிய இடமும் அதுவே. இந்த அளவு பணிமனை வாய்ப்பு இல்லாத கல்லூரிகளுக்கு இந்தப் பாடத்தில் புதிய இடங்கள் அனுமதிக்கக் கூடாது.

அதுவரை, கலந்தாய்வில் இந்தப் பாடத்தைத் தேர்வுசெய்யப்போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கல்லூரியில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த நிறுவனத்தின் எந்தப் பணிமனையில் பயிற்சி? தொடர்ந்து எத்தனை மாதம்? உதவித்தொகை யார் தருகிறார், ஒப்பந்தம் பழகுநர் சட்டப்படி பதிவாகிறதா? கடைசி ஆண்டு மாணவர் ஒருவரின் பயிற்சிப் பதிவேட்டைக் காட்ட முடியுமா? பதிவேட்டைக் காட்ட முடியாத கல்லூரி என்றால், அந்தப் பாடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.